பட்சணத்துக்கு லேபிள் கிடையாது



பள்ளி செல்லும் பேரக்குழந்தைகளின் உணவு ஒவ்வாமை பற்றிச் சில வார்த்தைகள்.

"ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்பது நம் வீடுகளில் சகஜமான பேச்சு. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த ஒரு வாயே ஆபத்தாகலாம். பால் ஜீரணமாகாத தொல்லை வேறு; இதில் பாலின் புரதத்தையே உடல் எதிரியாக எண்ணித் தாக்குகிறது. தயிர், மோர், வெண்ணெயிலும் அந்தப் புரதம் உண்டு.

பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடவும் வேண்டாம். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்வினை தெரிந்தவர்கள் 26.5 சதவீதம். ஒவ்வாமை இருக்கக்கூடியவர்களோ 1.2 சதவீதம்தான். ஆகவே எதை நிறுத்துவது என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

2020-ஆம் ஆண்டு விதிகளின்படி பாக்கெட் உணவுகளில் பால், வேர்க்கடலை, முந்திரி முதலியவை இருந்தால் அச்சிட்டாக வேண்டும். பிறந்தநாளுக்கு நாம் வகுப்புக்குக் கொடுத்தனுப்பும் பர்பிக்கு லேபிள் கிடையாது. எனவே என்ன ஆகாது, அறிகுறிகள் என்ன, என்ன மருந்து என்று டாக்டர் எழுதிய குறிப்பு வகுப்பாசிரியையிடம் இருக்க வேண்டும். பிறர் டிபன் பாக்ஸிலிருந்து வாங்கிச் சாப்பிடக் கூடாதென்று குழந்தைக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் கண்டால், டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் ஆசையாகக் கொடுப்பது நம் வழக்கம். இனி அதன் அம்மாவைக் கேட்டுக்கொண்டு கொடுப்போம்.