ஔடத தானமும் அபின் பாலும்

(ஆலங்காயத்தில் மகாவீர் ஜயந்தியன்று ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தேன், கள், ஊன் ஆகிய மூன்றையும் நீக்குதல் சிராவகருக்குரிய முதல் ஒழுக்கம். குழந்தைக்குச் சோறூட்டும் பருவத்திலேயே தாய் இதனைச் சொல்லி வைக்கிறாள். அவ்வாறு வளர்ந்து, எண்பது வயது வரை கள்ளின் வாடையையும் அறியாது வாழ்ந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். புற்றுநோய் எலும்பிற் பரவிவிட்டது. மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதித் தருகிறார். மருந்து வீடு வந்து சேருமுன்பே பேச்சு எழுகிறது. "அது அபினாயிற்றே! கள்ளையே தொடாத அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் போதைப்பொருளா?" என்கிறார் ஒரு மகன். முதியவரும், "வேண்டாமப்பா, வினை கழியட்டும்" என்று சொல்லிவிடுகிறார். இரவெல்லாம் அவர் முனகுவது அடுத்த அறைக்குக் கேட்கிறது. அதே ஊரில், வேறொரு வீட்டின் மாடியில், அந்த மருந்தின் இனத்தைச் சேர்ந்த மாத்திரை ஒன்றைக் கல்லூரி மாணவன் ஒருவன் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறான். தேவையுள்ளவருக்கு மறுக்கப்படுவது தேவையற்றவன் கையில் எளிதாகக் கிடைக்கிறது.

இந்த இரண்டு வீடுகளிலும் ஒரே அறியாமைதான் இருக்கிறது. அதைப் போக்க வேண்டுமானால், அப்பொருள் மூளையில் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குருமாவுக்கு அரைக்கும் கசகசா எல்லா வீடுகளிலும் உண்டு. அச்செடியின் முதிராத காயைக் கீறினால் வடியும் பாலே உறைந்து அபின் ஆகிறது. விதையில் அந்தப் பால் இல்லை. ஆதலால் குருமாவைக் குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் மக்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் கசகசாப் பொட்டலத்தைப் பெட்டியில் வைக்கலாகாது. அந்நாடுகளின் சட்டம் விதையையும் விலக்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டுர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியசின் பெயரால் வழங்கினார். அதுவே மார்ஃபின்.

ஒரு செடியின் பால் மனிதனுடைய வலியை ஏன் தணிக்க வேண்டும் என்னும் வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் விடை கிடைக்கவில்லை. 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்னும் இருவர், மூளையின் நரம்பணுக்களில் இப்பொருளை ஏற்பதற்கென்றே அமைந்த இடங்கள் உள்ளன என்று காட்டினர். அவற்றை ஏற்பிகள் என்பர். பூட்டும் சாவியும் போல ஏற்பியும் மருந்தும் பொருந்துகின்றன. இயற்கை, கசகசாச் செடியை எதிர்பார்த்தா மனித மூளையில் பூட்டு வைத்தது? இல்லை. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் அறிஞர்கள், உடலே இயற்றிக்கொள்ளும் சாவியைக் கண்டுபிடித்தனர். எங்கெஃபலின், எண்டார்ஃபின் என அவ்வினப் பொருள்கள் பெயர் பெற்றன. அடிபட்ட உடனே வலி தெரியாமல், வீடு வந்தபின் தெரிவது பலரும் அறிந்ததே. அதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. 1978இல் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. வெறும் நீரை மருந்தென்று நம்பியே வலி குறைந்தவர்களுக்கு, ஏற்பியை அடைக்கும் நாலோக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் வலி மீண்டது. நம்பிக்கையும் அதே பூட்டைத் திறக்கிறது போலும்.

அடிபட்ட இடத்திலிருந்து வரும் செய்தி தண்டுவடத்தில் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகிறது. மார்ஃபின் அங்குள்ள ஏற்பியில் அமர்ந்ததும், செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள் வெளிப்படுவது குறைகிறது. பெற வேண்டிய நரம்பணுவும் எளிதில் கிளர்ச்சியடைவதில்லை. மூளையிலோ, வலியைத் துன்பமாக உணரச் செய்யும் பகுதிகள் அமைதியுறுகின்றன. "வலி இருக்கிறது, ஆனால் தொல்லை செய்யவில்லை" என்று நோயாளிகள் கூறுவது இதனால்தான்.

இதே ஏற்பிகள் வேறிடங்களிலும் உள்ளன. இடர்ப்பாடு அங்கே தொடங்குகிறது. குடலில் இருப்பதால் மலச்சிக்கல் உண்டாகிறது. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் இடத்தில் இருப்பதால், அளவு மிகுந்தால் மூச்சு தளர்ந்து நின்றுவிடுகிறது. மிகைமருந்தால் நேரும் சாவுகள் இவ்வழியே நேர்கின்றன. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களுக்குக் கடிவாளமாக வேறு சில நரம்பணுக்கள் அமைந்துள்ளன. மார்ஃபின் அக்கடிவாளத்தைத் தளர்த்துகிறது. டோபமைன் பெருகுகிறது. "இதை மறவாதே, மீண்டும் செய்" என்று மூளைக்குக் கட்டளையிடும் பொருள் அது. உணவுக்கும் நட்புக்கும் உரிய அக்கட்டளை ஒரு மாத்திரைக்கு உரியதாகிவிடுகிறது.

இவ்விடத்தில் மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். வீடுகளில் நிகழும் குழப்பம் பெரும்பாலும் இவற்றை ஒன்றாக எண்ணுவதால் வருவது. தொடர்ந்து உண்ணும்போது பழைய அளவு போதாமற் போவது தாங்குதிறன். திடீரென நிறுத்தினால் உடல் நடுங்குவது, வியர்ப்பது, வயிறு கலங்குவது உடற்சார்பு. கேடு கண்ணெதிரே தெரிந்தும், பொருளும் உறவும் அழிவது தெரிந்தும், அதனையே தேடி ஓடுவது அடிமைநிலை. முதலிரண்டும் மருந்துண்ணும் எவருக்கும் நேரலாம்; மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார். மூன்றாவதுதான் நோய். புற்றுநோயின் வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில், வாய்வழியே அளவறிந்து கொடுக்கப்படும் மார்ஃபின் அந்நோயில் கொண்டுபோய் விடுவது அரிது. எனினும் இதனை எல்லா வலிக்கும் பொருத்திவிடக் கூடாது. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இவ்வின மாத்திரைகளைத் தாராளமாக எழுதித் தந்தனர். அங்கே மூண்ட தீ பின்னர் ஹெராயினுக்கும் ஃபென்டனிலுக்கும் பரவி, 2022ஆம் ஆண்டில் மட்டும் 80,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

இந்தியாவின் கதை நேர்மாறானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்றுக் கசகசாச் செடி பயிராகிறது. காசிப்பூரின் அபின் தொழிற்சாலை 1820இல் தோன்றியது. ஆனால் 1985இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன. 1997இல் இப்பெருநாடு முழுமைக்கும் மருத்துவத்திற்குச் செலவான மார்ஃபின் 18 கிலோ மட்டுமே. உலகிற்கு அபின் விளைவித்த நாட்டில் நோயாளிகள் கதறி மாண்டனர். 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புப் பணியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றோரும் பல்லாண்டு முயன்றதன் பயனாக, 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத வலி மருந்துகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறை வகுக்கப்பட்டது. இன்று ஆலங்காயத்தார் சென்று வரத்தக்க தொலைவில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சை சேர்ந்திருக்கிறது.

சட்டம் தளர்ந்தது; விரதம் தடுக்கிறதே என்னும் ஐயம் மட்டும் எஞ்சுகிறது.

கள் ஏன் விலக்கப்பட்டது? புளித்த பொருளில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் மடிவதால். உண்டவன் தன்னை மறப்பதால். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைக்கிறது. விழிப்பைக் கெடுப்பது எது என்பதே கேள்வியாக வேண்டும். எலும்பைக் குடையும் வலியில் துடிப்பவரால் பஞ்ச நமஸ்காரத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிக்க இயலுமா? மார்ஃபின் தொடங்கிய முதற் சில நாள்கள் உறக்கக் கலக்கம் இருக்கும்; பெரும்பாலும் அது தெளிந்துவிடும். அதன்பின் அவர் எழுந்து அமர்வார், நூல் படிக்கக் கேட்பார், பேரனின் பெயர் சொல்லி அழைப்பார்.

"வினை கழியட்டும்" என்ற முதியவரின் சொல் எளிதில் தள்ளத்தக்கதன்று. அசாதா வேதநீய வினையின் பயனே துன்பம் என்பது சமணக் கொள்கை. ஆனால் வேதனையையே இடைவிடாது நினைந்து புலம்புதல் ஆர்த்த தியானத்தின் நால்வகையுள் ஒன்று என்பதும் அதே கொள்கைதான். அது வினையைக் கழிப்பதில்லை, கட்டுகிறது. ஆலங்காயத்துக்குத் தொலைவில் இல்லாத மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில், சமண ஓவியங்களின் கீழே, வெறுங்கல்லில் படுத்த முனிவர்கள் இருபத்திரண்டு பரீஷகங்களையும் பொறுத்தனர். நோய் பொறுத்தல் அவற்றுள் ஒன்று. அவர்கள் தாமே விரும்பி ஏற்றது அது. சல்லேகனையும் அவ்வாறே, குருவின் முன்னிலையில் தெளிந்த அறிவோடு ஒருவர் தாமே ஏற்பது. மருந்தின் பெயர் கேட்டு அஞ்சிய மக்கள், தந்தையின் மேல் சுமத்தும் வலி தவமாகாது. இல்லறத்தாருக்கு விதித்த தானம் நான்கனுள் ஔடத தானமும் ஒன்று. பிறருக்குச் செய்வதைப் பெற்றவருக்குச் செய்ய ஏன் தயங்க வேண்டும்?

அளவு பற்றி ஒரு சொல். சமணப் புலவர் கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று மருந்தின் பெயரை இட்டார். அம்மருந்தில் ஆறு சரக்குகள் ஒன்று, இரண்டு என ஆறு வரை ஏறிய பங்கிற் சேரும். பங்கு மாறினால் அது ஏலாதி அன்று. மார்ஃபினும் அப்படியே: வலி வந்தபின் கெஞ்சிப் பெறுவதாக இல்லாமல், மருத்துவர் குறித்த மணிக்குக் குறித்த அளவு, கூடவே மலமிளக்கி.

இனி மாடியறை இளைஞன். தமிழ்நாட்டில் காவல்துறை அடிக்கடி கைப்பற்றும் டேபென்டடால் மாத்திரை, வலிக்கென வந்த மருந்தே. வாய்வழி உண்பதற்காகச் செய்த மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும்போது, அதில் சேர்த்த கரையாத மாவுப்பொருள் இரத்தக்குழாயையும் நுரையீரலையும் அடைக்கிறது. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி. 2019இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 77 லட்சம் பேர் அபின் இனப் பொருள்களால் இன்னலுற்று உதவி வேண்டி நிற்பதாகக் கணித்தது. சமணக் குடும்பங்களில் இது நேராது என்பது வெறும் நம்பிக்கை. ஏற்பிக்குச் சமயம் தெரியாது.

அத்தகைய மகனை அடிப்பதும், பூட்டி வைப்பதும், ஊரறியாமல் மறைப்பதும் வழக்கம். மானம் போகும் என்னும் அச்சத்தில் கழியும் மாதங்களில் மூளை மேலும் பழகிவிடுகிறது. பியூப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்து, ஏற்பியைப் பாதியளவே தூண்டி, தவிப்பை அடக்கி, படிக்கவும் வேலைக்குச் செல்லவும் வைக்க முடியும். சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவை இப்பணிக்கென்றே உள்ளன. 14446 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.

சிகிச்சை முடிந்து திரும்பியவனைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. விட்டிருந்த நாள்களில் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவை ஒருமுறை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். மயங்கிக் கிடந்து, உதடு நீலம் பாய்ந்து, மூச்சு மந்தமானால் உடனே 108ஐ அழைத்து, என்ன உட்கொண்டான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னே கூறிய நாலோக்சோன் அந்நேரத்தில் உயிரை மீட்கும்.

முதியவரின் மார்ஃபின் மாத்திரைகளை அலமாரியில் பூட்டி, சாவியை ஒருவரே வைத்திருந்து, நாள்தோறும் எண்ணிக் குறித்து வருவது நல்லது. அவர் காலத்திற்குப் பின் எஞ்சியவற்றைப் பரணில் போடாமல், கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.