முந்திரி உழவரும் அங்ககச் சான்றும்

(கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியில் தமிழன்பர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

லேக் மார்க்கெட் கடைகளில் வாழையிலை, தேங்காய், கறிவேப்பிலை ஆகியவற்றோடு முந்திரிப் பருப்பும் விற்பனைக்கு இருக்கிறது. தென் கொல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் அதன் விலையை நன்கறிவர். அது எந்த மண்ணில் விளைந்தது என்பதை அறிய வாய்ப்பில்லை. பண்ருட்டியிலிருந்து வந்ததாயிருக்கலாம். இந்நகரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், பூர்வ மேதினிப்பூர் மாவட்டக் கடற்கரையிலுள்ள கோண்டாய் வட்டாரத்தில் உடைக்கப்பட்டதாயிருக்கலாம். ஆப்பிரிக்காவில் விளைந்து கப்பலில் வந்த கொட்டையாகவும் இருக்கலாம். நம் நாட்டு முந்திரி ஆலைகளுக்கு வேண்டிய கொட்டையில் ஏறத்தாழப் பாதி வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. விளைந்த இடம் இவ்வாறு மறைந்துவிடும் ஒரு பண்டத்திற்கு அங்ககச் சான்று பெறுவது எவ்வாறு? பெற்றால் அதன் பயன் யாருக்குச் சேரும்?

முந்திரி ஏழை மண்ணின் பயிர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இம்மரம், வேறு பயிர் எளிதில் நிலைக்காத மணற்பரப்பிலும் செம்மண் மேட்டிலும் வேரூன்றிற்று. கடலூர் மாவட்டத்தின் மேட்டு நிலங்களிலும், மேற்கு வங்கத்தின் ஜார்கிராம் செம்புறைக்கல் நிலத்திலும் சிறு உழவரின் மரம் பெரும்பாலும் மழையை நம்பியே காய்க்கிறது. பல தோட்டங்களில் உரமிடுவதே அரிது. ஆகவே சான்று கோருவது எளிதென்று தோன்றும். ஆனால் வறுமையின் காரணமாக மருந்து தெளிக்காதிருப்பது வேறு, மருந்து தெளிக்கவில்லையென மெய்ப்பிப்பது வேறு. சான்றளிப்போர் கேட்பது இரண்டாவதை.

மருந்தின் விலை

முந்திரியின் முதற் பகை தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சி. தளிர்விடும் காலத்திலும் பூக்கும் காலத்திலும் இது தாக்கினால் பூங்கொத்து கருகிவிடும். இதனை அடக்கவே கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், அம்மாநிலத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மீது 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000-ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டத்தை அடுத்த ஊர்களில் உடற்குறையோடும் மூளை வளர்ச்சிக் குறையோடும் குழந்தைகள் பிறந்ததாக எழுந்த முறையீடுகள் நாடறிந்தவை. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டோர்க்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. முந்திரியில் அங்கக முறையைப் பற்றிப் பேசுவோர் சுவையையும் ஏற்றுமதியையும் மட்டும் பேசுவது போதாது.

மாற்று வழி இல்லாமலில்லை. வேப்பெண்ணெய் உண்டு, தண்டுத் துளைப்பானின் புழுவைக் கையால் அகற்றும் முறையும் உண்டு. இலைகளைப் பிணைத்துக் கூடுகட்டும் முசுறு எறும்பு தேயிலைக் கொசுவை வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அந்த எறும்பையே ஜார்கிராம், மயூர்பஞ்சு பகுதிகளின் பழங்குடி மக்கள் துவையலாக உண்கின்றனர். ஒடிசாவின் சிமிலிபால் எறும்புத் துவையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்தைக் காக்கும் எறும்பை முழுதும் தின்றுவிடாமலிருந்தால் சரி!

சான்றின் விதிகள்

ஏற்றுமதிக்குரிய அங்ககச் சான்று, வர்த்தக அமைச்சகம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. இதனைச் செயற்படுத்துவது அபெடா அமைப்பு. மரப்பயிராயின், முதல் அங்கக அறுவடைக்கு முன்பு மூன்றாண்டுகள் மாறுதற்காலமாகக் கழிய வேண்டும். காய்த்துக்கொண்டிருக்கும் தோட்டத்திற்கு இது சுமையே. சான்றுக்குரிய கூடுதல் விலை கிட்டாமலே அங்கக முறையின் செலவை ஏற்க நேரும். ஆனால் ஒட்டுக்கன்று நட்ட மூன்றாம் ஆண்டளவில்தான் முந்திரி காய்க்கத் தொடங்குகிறது. புதிதாக நடுவோருக்கு, மரம் வளரும் காலமும் மாறுதற்காலமும் ஒன்றாகவே கழிந்துவிடும், இழப்பேதும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தபின் மறுநடவு நடைபெற்றது. மறுநடவுத் திட்டம் ஒவ்வொன்றிலும், கன்று வழங்கும் நாளிலேயே சான்றுக்கான பதிவையும் தொடங்குவது சிக்கனமான வழியாகும்.

ஒற்றை ஏக்கர் வைத்திருப்பவர் தனியே சான்றுக் கட்டணம் செலுத்த இயலாது. அதனால் குழுச் சான்று வகுக்கப்பட்டது. 25 முதல் 500 உழவர் வரை ஒரு குழுவாகலாம். குழுவே தன் உறுப்பினரின் தோட்டங்களை ஆண்டுதோறும் பார்வையிட்டுக் குறிப்பேடு வைக்கும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர், உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை அடிப்படையாகக் கொண்டு மாதிரி பார்ப்பார். 400 பேர் குழுவில் ஏறத்தாழ 20 தோட்டங்கள். செலவு இவ்வாறு பங்கிடப்படுகிறது.

ஆனால் இக்குழுக்களை நடத்தியவர் யார்? பல இடங்களில் ஏற்றுமதியாளரோ இடைநிலை நிறுவனமோ கட்டணம் செலுத்திச் சான்றைத் தன் பெயரில் வைத்துக்கொண்டதே நடைமுறை. அந்நிலையில் உழவர் வேறொருவருக்கு விற்றால் அவருடைய கொட்டை சாதாரணக் கொட்டையாகிவிடும். உழைத்தவரின் நிலத்தைப் பற்றிய சான்று, வாங்குபவரின் பெட்டியில் பூட்டப்பட்டுவிடுகிறது. பேரம் பேசும் வலிமையும் அதனோடு போய்விடுகிறது. 2025 ஜனவரியில் வெளியிடப்பெற்ற இத்திட்டத்தின் எட்டாம் பதிப்பு உழவர் குழுக்களுக்குச் சட்டப்பூர்வமான தகுதியை அளிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 எண் விதிமுறையும் குழு சட்டப்படி அமைந்த அமைப்பாக இருக்கவேண்டுமென்றும், 2,000 பேருக்கு மேற்படலாகாதென்றும் கூறுகிறது. இம்மாற்றம் காலந்தாழ்ந்து வந்ததேயாயினும் சரியான திசையில் வந்துள்ளது.

காசர்கோட்டையும் கண்ணூரையும் உள்ளிட்ட வட கேரளத்தில் 2006-இல் உருவான நியாய வணிகக் கூட்டணி இங்கு நினைவுகூரத் தக்கது. முந்திரி விளைவிப்போரைக் கொண்ட அவ்வமைப்பு, 2007-இல் பிரிட்டனில் தோன்றிய லிபரேஷன் என்னும் கொட்டைப் பருப்பு விற்பனை நிறுவனத்தில் பங்குதாரராயிற்று. விளைவிப்பவரே விற்பவரிலும் ஒருவராதல் அரிய நிகழ்ச்சி. மொராக்கோ நாட்டில் அட்லஸ் மலைப்பகுதியின் வாதுமை, அக்ரூட் உழவர்க்கும் இதே வினாக்கள் எழுகின்றன. அங்கு ஆர்கன் எண்ணெய் எடுக்கும் மகளிர் கூட்டுறவுகள் விளைபொருளோடு பதப்படுத்தலையும் தம் கையில் வைத்துக்கொள்ள முயன்றுள்ளன.

உடைக்கும் இடத்தில் நேரும் சிக்கல்

பதப்படுத்தல்தான் முந்திரிச் சான்றின் இடர்மிக்க கட்டம். கொட்டையின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கே பருப்பாகக் கிடைக்கிறது. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். உடைக்கும் பெண்கள் விரலில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு வேலை செய்கின்றனர். பருப்பு முழுதாக வந்தால் ஒரு விலை, உடைந்தால் வேறு விலை. 'டபிள்யூ 320' என்னும் தரக்குறி ஒரு பவுண்டு எடையில் ஏறத்தாழ 320 முழுப் பருப்புகள் நிற்பதைக் குறிக்கிறது. கோண்டாயிலும் பண்ருட்டியிலும் உள்ள சிறு கூடங்கள் கிடைக்கும் கொட்டையையெல்லாம் உடைப்பவை. சான்று பெற்ற தோட்டத்துக் கொட்டையும் இறக்குமதிக் கொட்டையும் ஒரே களத்தில் காய்ந்து ஒரே சாக்கில் சேருமாயின், மூன்றாண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் வீணாகும். தனிக்களம், தனிச்சாக்கு, கருவிகளைத் துடைத்தபின் தொடங்கும் தனி முறை, அன்றாடக் கணக்கு, கூடத்திற்கெனத் தனிச் சான்று ஆகிய அனைத்தும் வேண்டும். தோட்டச் சான்றுக்கு மட்டும் உதவித்தொகை வழங்கிவிட்டு உடைப்புக் கூடத்தை விட்டுவிடும் திட்டம் பாதி வழியில் நின்றுவிடும். குழுவுக்கென ஒரு சிறு கூடம் அமைந்தால், உடைக்கும் பெண்களுக்குக் கையுறையும் கூலிக் கணக்கும் கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

உள்நாட்டுச் சந்தைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பங்கேற்பு உறுதியளிப்பு முறையில், ஒரே ஊரிலோ அண்டை ஊர்களிலோ உள்ள ஐந்து உழவர் சேர்ந்தாலே குழு அமைக்கலாம். ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்வையிட்டுச் சான்றுரைப்பர். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள் இம்முறையையும் ஏற்கின்றன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரே விற்றால் சான்றும் கட்டாயமன்று. இச்சான்று ஏற்றுமதிக்குச் செல்லாது என்பது உண்மையே. எனினும் கொல்கத்தா போன்ற பெருநகரம் அருகிருக்க, ஜார்கிராம் உழவர் ஹாம்பர்க் துறைமுகத்தை நோக்கவேண்டிய கட்டாயம் என்ன?

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. முந்திரி மரங்களில் கணிசமானவை வனத்துறை நிலத்திலும் அரசுக் கழகத் தோட்டங்களிலும் நிற்கின்றன. தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்தின் தோப்புகள் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகின்றன. குத்தகையின் காலமோ குறுகியது, மாறுதற்காலமோ மூன்றாண்டு. தன் பெயரில் நில ஆவணம் இல்லாதவர் எந்தத் தோட்டத்தைப் பதிவு செய்வார்? நிலம் கணவர் பெயரிலிருக்கக் கொட்டை பொறுக்கிக் கணக்கு வைக்கும் பெண்ணின் பெயர் குழுப் பதிவேட்டில் இடம்பெறுமா? குத்தகையை ஐந்தாண்டுக்கு நீட்டுவதும், நிலப்பட்டா இல்லாத உழைப்பாளரையும் உறுப்பினராக ஏற்பதும் மாநில அரசுகளின் கையிலேயே உள்ளன.

டிசம்பரில் முந்திரி பூக்கத் தொடங்கும். மார்ச் முதல் மே வரை அறுவடை. அடுத்த பருவத்தைக் கணக்கிற் கொள்ள வேண்டுமாயின், வட்டார அலுவலர்கள் மழைக்காலம் முடிவதற்குள் குழுக்களைப் பதிவுசெய்து, உழவரின் குறிப்பேடுகளில் முதற் பக்கத்தை எழுதச் செய்திருக்க வேண்டும்.