துளைக்கிணறும் களிக்குழம்பும்



நிலத்தைத் துளைத்து நீரையோ எண்ணெயையோ தேடும் தொழிலைப் பற்றிப் பேசும்போது, உயர்ந்து நிற்கும் கோபுரமும் இரைச்சலிடும் இயந்திரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அத்தொழிலில் முதிர்ந்தவர்கள் முதலிற் கவனிப்பது, இயந்திரத்தின் அருகே வெட்டப்பட்ட குழியிற் கிடக்கும் குழம்பையேயாம். துளை நிலைப்பதும் இடிவதும், கிணறு ஊறுவதும் ஊறாது போவதும் பெரும்பாலும் அக்குழம்பின் பக்குவத்தையே பொறுத்தன. அதனை நிலத்துக்கேற்பத் தெரிந்து கலக்கும் முறைபற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

முதற்கண், இக்குழம்பு செய்யும் வேலை யாது? உட்டுளையுள்ள உருக்குத் தண்டின் வழியே அது கீழே செலுத்தப்படுகிறது. துளைக்கும் அலகின் வாயால் வெளிவந்து, தண்டுக்கும் துளைச் சுவருக்கும் இடையேயுள்ள வெளி வழியாக மேலே திரும்புகிறது. திரும்பும்போது அரைபட்ட மண்ணையும் கல்லையும் சுமந்து வருகிறது. சுழலும் அலகின் வெப்பத்தைத் தணிக்கிறது. தன் பாரத்தால் துளைச் சுவர் சரியாமல் தாங்குகிறது. ஆழத்தில் அடைபட்ட நீரும் வாயுவும் பீறி எழாவண்ணம் அமுக்கிப் பிடிக்கிறது.

வெறும் நீர் இவற்றையெல்லாம் செய்யாதோ எனக் கேட்கலாம். உறுதியான நிலத்திற் செய்யும், மணலிற் செய்யாது. இதற்கு வரலாற்றிலே நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிண்டில்டொப் என்னும் மேட்டிலே, அந்தனி லூக்காஸ் என்பவருக்காக ஹமில் சகோதரர்கள் எண்ணெய்க் கிணறு துளைத்தனர். ஓடும் மணற்படை குறுக்கிட்டது. நீர் மணலுக்குள் ஓடி மறைந்தது, துளை இடிந்துகொண்டேயிருந்தது. அப்பொழுது அவர்கள் நீர்க்குழியிலே மாடுகளை இறக்கி மிதிக்கவிட்டுச் சேறாக்கி, அச்சேற்றையே துளைக்குட் செலுத்தினர் என்று கூறுவர். சுவர் நின்றது. 1901ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அக்கிணற்றிலிருந்து எண்ணெய் வானளாவ எழுந்தது. நம் வயலிற் சேறு மிதிக்கும் உழவன் அறிந்த அதே உண்மைதான் அங்கும் பயன்பட்டது: நன்கு மிதித்த களி நீரை எளிதிற் கீழே விடாது.

பிற்காலத்தில் மாடு மிதித்த சேற்றின் இடத்தைப் பெந்தனைற்று என்னும் களிமண் பெற்றது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திற் கிடைக்கும் சோடியப் பெந்தனைற்று, நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருக்கும் இயல்புடையது. குழம்பின் நீர் சிறிதளவு மணலுட் கசியும்போது, களியின் மெல்லிய தகடுகள் சுவரிலே படிந்து தோல்போல் மூடிக்கொள்கின்றன. சாணத்தால் மெழுகிய மண்சுவரை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

இனி, நிலத்துக்கேற்ற தெரிவைக் காண்போம். சாதாரண மணலுக்கு 100 லீற்றர் நீருக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ வரை நல்ல பெந்தனைற்று போதும். பருக்கன் கற்கள் நிறைந்த படையில் நான்கு கிலோ வரை வேண்டியிருக்கும். குழம்பு தடிப்பாக இல்லாவிடில் கற்களைத் தூக்கி வராது.

களிநிலத்தின் நிலைமை வேறு. அங்கே நீர் பட்டதும் நிலமே பருத்து, அலகில் ஒட்டி, துளையை நெருக்கும். களிக்கு மேலும் களி சேர்ப்பதாற் பயனில்லை. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பல்பகுதியங்களை நீரிற் சிறிதளவு சேர்ப்பர். அவை களித்துண்டுகளைப் போர்த்து, நீர் உட்புகுவதைத் தடுக்கின்றன. நாம் கறிக்குச் சமைக்கும் கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கும் பசையும் நீரைத் தடிப்பாக்க உதவுகின்றது. அது சில நாட்களில் தானே சிதைந்துவிடும். ஆதலால் நீரூற்றுக் கண்களை நிலையாக அடைக்காது. ஆயினும் அது கிருமிகளுக்கும் உணவாகும். வேலை முடிந்ததும் கிணற்றை நன்கு கழுவிக் குளோரீன் இடுதல் வேண்டும்.

கருங்கற்பாறையில் இவை எவையும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. நம் இலங்கையின் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு இத்தகைய பழம்பாறையாகும். அங்கே அமுக்கிய காற்றே குழம்பின் வேலையைச் செய்கின்றது; தூள் மிகுந்தாற் சிறிது நீரும் நுரையும் சேர்ப்பர்.

கலக்கும் ஒழுங்கும் முக்கியமானது. எல்லாவற்றுக்கும் முன் நீரைச் சோதித்தல் வேண்டும். உவர்நீரிலும் கல்சியம் மிகுந்த வன்னீரிலும் பெந்தனைற்று பருக்காது, திரைந்துபோகும். வன்னீருக்கு முதலிற் சலவைச்சோடா இட்டுப் பக்குவப்படுத்துவர். உவர்ப்புக்கு அது மருந்தன்று, நல்ல நீரே கொண்டுவருதல் வேண்டும். அதன்பின் பெந்தனைற்றை மெதுவாகத் தூவிக் கலக்கி ஊறவிடல் வேண்டும். பல்பகுதியம் கடைசியிலேயே சேரவேண்டும். முறை மாறினால் பல்பகுதியம் களித்துகள்களை முந்திப் போர்த்துவிடும். களி ஊறாது, செலவிட்ட பணமும் சேற்றோடு போகும். பக்குவம் அறியப் புனல் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு லீற்றர் அளவான நல்ல நீர் அதன் வழியே 26 செக்கனில் ஒழுகிவிடும். மணலிற் கிணறு துளைக்கும் குழம்பு 32 முதல் 38 செக்கன் வரை எடுத்தல் நன்று.

மிக ஆழமான எண்ணெய்க் கிணறுகளில் தடிப்பினும் பாரமே பெரிது. நீரினும் நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தியான பேரைற்று என்னும் கனிப்பொடியை அதற்காகக் கலப்பர். 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவிலே, கிணறு சரியாக அடைபட்டதென்று தவறாக எண்ணி, பாரமான குழம்பை அகற்றி அவ்விடத்திற் கடல்நீரைப் புகுத்தினர். அடைப்பு உறுதியாக இருக்கவில்லை. அமுக்கிப் பிடித்த பாரம் குறையவே வாயு மேலெழுந்து தீப்பற்றியது. 11 தொழிலாளர் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் கடலிற் பாய்ந்தது.

நேயர்களே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோருக்கு இவ்விடயம் மிகக் கிட்டியது. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் பல. அவற்றின் வழியே நல்ல நீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பலரும் அறிவர். இத்தகைய நிலத்திலே துளைக்கும்போது குழம்பு திடீரெனக் குகைக்குட் சென்று மறைந்துவிடலாம். மறைந்தது அழிந்ததன்று. இன்று நம் துளையில் இட்ட பொருள் நாளை அயலவர் வீட்டுக் கிணற்றில் ஊறக்கூடும். ஆகவே டீசல் போன்ற எண்ணெய் வகைகளைக் குடிநீர்த் துளையில் ஒருபோதும் சேர்த்தல் ஆகாது. வெடிப்பிலே குழம்பு மறைந்தாற் கண்டதையெல்லாம் இட்டு அடைக்காது, உறைகுழாய் இறக்கியோ காற்றாலும் நுரையாலும் துளைத்தோ கடத்தல் வேண்டும்.

துளைப்பவரை அழைக்கும்போது கூலியை மட்டும் பேசாதீர்கள். “எந்த மண்ணுக்கு என்ன கலக்கின்றீர்? எந்த நீரிற் கலக்கின்றீர்? முடிவில் எவ்வாறு கழுவுவீர்?” என மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நல்ல தொழிலாளி மகிழ்ந்து விடை சொல்வான். விடை சொல்லத் தயங்குபவனிடம் ஊரார் குடிக்கும் நீரை ஒப்படைத்தல் தகாது.