ஐந்து சென்டும் எட்டு நாட்களும்



உங்கள் கோப்பில் ஓர் ஒப்பந்தத்தின் நகல் இருக்கிறது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவராக இருந்த காலத்தில் நான் முதன்முதலில் கையெழுத்திட்டது அது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் கறுப்பு மைக்கு அடியில் கிடக்கிறது, கிடக்கட்டும். அன்றைக்கு அதை நான் படிக்கவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். கொண்டுவந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். சீட்டு இருந்த இடமெல்லாம் போட்டுக் கொடுத்தேன். இங்கே இருக்கும் சட்டப் பேராசிரியர்கள் சிரிக்கலாம். மருத்துவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். என் பட்டியலில் பதிந்தவர்களுக்கு நாளில் 24 மணி நேரமும் நானோ என் சார்பில் இன்னொருவரோ கிடைக்க வேண்டும். யாரைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது என்று நானே முடிவு செய்ய வேண்டும். நிறுவனம் எனக்குப் பணம் தராமல் கைவிரித்தாலும் நோயாளியிடம் அதைக் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதி நல்ல விதி. அந்த ஒப்பந்தம் முழுக்கத் தேடினாலும் நோயாளிக்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது.

எனக்குக் கிடைப்பது தலைக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கு. ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறோமே, அது மாதிரி. வரி கொடுத்தவர் திருவிழாவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் தொகை மாறாது. இதில் ஒரு பங்கை நிறுவனம் பிடித்தம் செய்து வைத்திருக்கும். சிறப்பு மருத்துவர்களிடம் அனுப்பிய செலவு ஆண்டு முடிவில் குறித்த அளவுக்குள் நின்றால் அது திரும்பி வரும், மீறினால் வராது. அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் நானே, அனுப்பாவிட்டால் ஆதாயம் பெறுபவரும் நானே.

இந்தக் கணக்கே தீயது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அதன் பிறப்பு அப்படி இல்லை. 1933இல் சிட்னி கார்ஃபீல்டு என்ற இளம் மருத்துவர் கலிபோர்னியப் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றுக் கால்வாய் வெட்டும் தொழிலாளர்களுக்காக 12 படுக்கையோடு ஒரு மருத்துவமனை கட்டினார். வைத்தியம் பார்த்தபின் பில் அனுப்பிப் பணம் வாங்க முடியாமல் நொடித்துப்போகும் நிலைமை. அப்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பணம் முதலிலேயே கைக்கு வந்துவிட்டது. இனி காயம் குறைந்தால்தான் மருத்துவருக்கு லாபம். வேலையிடத்துப் பலகைகளில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை அடித்துத் தட்டையாக்கச் சொல்லி அவர் நச்சரித்தார் என்பார்கள். கைசர் பெர்மனென்டே என்ற பெரிய அமைப்பு முளைத்தது இங்கிருந்துதான். 1970 வாக்கில் பால் எல்வுட் இந்த முறைக்கு எச்.எம்.ஓ. என்று பெயர் சூட்டினார். 1973 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் அதை நாடெங்கும் பரப்பியது.

அதே கணக்கின் மறுபக்கத்தை இல்லினாய் மாநிலத்தில் பார்க்கலாம். வயிற்று வலியோடு வந்த ஒரு பெண்ணின் அடிவயிற்றில் 6க்கு 8 சென்டிமீட்டர் அளவில் அழற்சியோடு ஒரு கட்டி மருத்துவரின் கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளூர் மருத்துவமனையிலேயே அல்ட்ராசவுண்ட் எடுத்திருக்கலாம். எட்டு நாள் பொறுத்து, 50 மைலுக்கு அப்பால் தங்கள் அமைப்பைச் சேர்ந்த இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எட்டு நாள் ஆகுமுன்பே குடல்வால் வெடித்தது. அந்த மருத்துவர் சேர்ந்திருந்த எச்.எம்.ஓ.வின் உரிமையாளர்கள் மருத்துவர்களே. மிச்சப்படும் பணம் ஆண்டு இறுதியில் அவர்களுக்குத்தான். சிகிச்சைத் தவறுக்கு அந்தப் பெண் 35,000 டாலர் இழப்பீடு பெற்றார். ஊக்கத்தொகை ஏற்பாடே நம்பிக்கைத் துரோகம் என்ற அவரது இன்னொரு வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000ஆம் ஆண்டு, பீக்ரம் எதிர் ஹெர்ட்ரிச் வழக்கில், நீதிபதிகள் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள். செலவைச் சுருக்கும் ஊக்கம் இல்லாத எச்.எம்.ஓ. ஏது, அது சரியா தவறா என்று எடைபோடுவது அமெரிக்கக் காங்கிரஸின் வேலை என்றார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த எட்டு நாளை நினைக்காமல் என்னால் அந்தத் தீர்ப்பைப் படிக்க முடிந்ததில்லை.

நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு 1986இல் கலிபோர்னியாவில் வந்த விக்லைன் வழக்கு. அங்கே சம்பந்தப்பட்டவர்கள் அறுவை மருத்துவர்கள். இருந்தாலும் பாடம் நமக்குத்தான். நோயாளியை இன்னும் 8 நாள் வைத்திருக்க அனுமதி கேட்டார்கள். அரசுத் திட்டம் 4 நாள்தான் தந்தது. யாரும் மறுத்து எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியில் காலை வெட்டி எடுக்க நேர்ந்தது. மேல்முறையீட்டில் அரசு தப்பித்தது. பணம் தருபவர் சொன்னார் என்பதற்காக, தன் மருத்துவ அறிவுக்கு மாறாக, எதிர்ப்பே தெரிவிக்காமல் இணங்கிய மருத்துவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது நீதிமன்றம்.

அதாவது எதிர்த்து எழுதுவது மருத்துவரின் கடமை. இப்போது உங்கள் கையில் உள்ள நகலைப் புரட்டுங்கள். அந்தக் கடமைக்கு ஒரு வரி இருக்கிறதா? கிடையாது. அதற்கு நேரமோ கூலியோ ஒதுக்கியிருக்கிறதா? அதுவும் கிடையாது. ஒரு பாட்டியின் எம்.ஆர்.ஐ.க்கு முன் அனுமதி மறுக்கப்பட்டபோது நான் கடிதம் எழுதியது இரவு 11 மணிக்கு, சாப்பாட்டு மேசையில். மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குத்தான் மசிந்தார்கள். 90களில் சில ஒப்பந்தங்கள் இதற்கும் ஒரு படி மேலே போய், காப்பீடு தராத சிகிச்சையைப் பற்றி நோயாளியிடம் பேசவே கூடாது என்று வாய்ப்பூட்டுப் போட்டன. பல மாநிலங்கள் அதைத் தடுத்தன. மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசுத் திட்டங்களில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வாய்ப்பூட்டு கழன்றது. பேசுவதற்கான நேரத்தை யாரும் தரவில்லை.

இதையெல்லாம் இங்கே ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நம் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற கணக்கில் ஓடுகின்றன. தெருமுனை கிளினிக் டாக்டருக்கு அவற்றில் இடமே இல்லை. என்றாவது ஒருநாள் அவரிடமும் ஒருவர் மஞ்சள் சீட்டு ஒட்டிய தாள்களோடு வருவார். அந்த டாக்டர் ஆணியைத் தட்டையாக்கப் போகிறாரா, எட்டு நாள் பொறுக்கச் சொல்லப் போகிறாரா என்பது அந்தத் தாள்களை எழுதுபவர் கையில் இருக்கிறது.

நகலின் 11ஆம் பக்கத்தில் முதல்நிலை மருத்துவரின் கடமைகள் தொடங்குகின்றன. மொத்தம் பதினான்கு. பதினைந்தாவது எண்ணைப் போட்டு, எதிரே வெற்றிடம் விட்டு அச்சிட்டிருக்கிறோம். முதல் அமர்வில் ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞராக உட்கார்ந்து அதை நிரப்பித் தாருங்கள். பேனா இல்லாதவர்களுக்கு வரவேற்பு மேசையில் இருக்கிறது.