மூன்று புள்ளிகள், நான்கு மைகள்

எங்கள் ஊர்ப் பெயரை ஒருமுறை எழுதிப் பாருங்கள்: பொதட்டூர்பேட்டை. மூன்று மெய்யெழுத்து, மூன்று புள்ளி. வரைபடம் போடுவதைத் தொழிலாக வைத்திருக்கும் எனக்குக் கறுப்பு மையின் குணத்தைச் சொல்லிக்கொடுத்தவை அந்தப் புள்ளிகள்தாம்.

சில வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வரும் காவடிக்காரர்களுக்காக ஒரு வழிகாட்டிப் படம் தயாரித்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. அச்சாகி வந்ததைப் பார்த்தால், எங்கள் ஊர் 'பொதடடூரபேடடை' ஆகிவிட்டது! எழுத்தின் ஒரு பக்கம் நீலக் கசிவு, மறுபக்கம் ரோஸ் நிறம். புள்ளிகளைக் காணோம். மிஷினில் நின்றவர் லென்ஸை என் கையில் கொடுத்தார். "தம்பி, ஒரு பேரை அடிக்க நாலு பிளேட்டா?" என்றார்.

விஷயம் இதுதான். திரைக்குத் தெரிந்தது சிவப்பு, பச்சை, நீலம் மட்டும். மூன்றும் அணைந்தால் கறுப்பு. அச்சில் சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை. திரைக் கறுப்பை அப்படியே மாற்றினால், மென்பொருள் நான்கையும் கலந்துவிடும். போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் அது 75, 68, 67, 90. கூட்டினால் 300 சதவீதம் மை! ஒரு மைக்கு ஒரு பிளேட்; நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் விழ வேண்டும். எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பார்டரில் இழை விலகினால் துணி செகண்ட்ஸ்தானே?

பெயரோடு போயிற்றா, அதே நான்கு மையில் விழுந்த ஆந்திர எல்லைக்கோடும் மாட்டிக்கொண்டது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்தப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1:50,000 அளவுப் படத்தில் ஒரு பிளேட் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால், தரையில் அது 10 மீட்டர். இரண்டு மாநிலத்துக்கும் இடையே பத்திரம் எழுதாமலே அச்சகத்தில் நிலம் கைமாறிவிடுகிறது!

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலப்படத் தாள் யாரிடமாவது இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மலையின் சமஉயரக் கோடு பழுப்பு, தண்ணீர் நீலம், ஊர்ப்பெயர் கறுப்பு. ஒவ்வொன்றும் தனி மை. எழுத்து அத்தனை கூர்மையாக நிற்பதன் ரகசியம் அதுதான்.

ஆகவே பெயருக்கும் மெல்லிய கோட்டுக்கும் கறுப்பு மட்டும் 100, மற்றவை பூஜ்யம். பச்சை வயல்மீது பெயர் வந்தால் ஓவர்பிரிண்ட் போடுங்கள், அதாவது அடியிலுள்ள பச்சையை வெட்டாமல் அதன்மீதே கறுப்பை அச்சிடுங்கள். இல்லையேல் எழுத்தோரம் வெள்ளை எட்டிப்பார்க்கும். அகலமான கறுப்புப் பட்டைக்கு மட்டும் கலவைக் கறுப்பு நல்லது. அதற்கும் எவ்வளவு மை தாங்கும் என்று அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆடிக்குள் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் யாராவது படம் போடுவார்கள். அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அனுப்புமுன் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, வண்ணப் பிரிப்பில் கறுப்பை மட்டும் அணைத்துப் பார்க்கட்டும். ஊர்ப்பெயர்கள் முழுதாக மறைய வேண்டும். நிழலாக ஒரு பெயர் மிஞ்சினாலும் பிளேட் போடக் கொடுக்க வேண்டாம்.