வேலையோடு ஆராய்ச்சி: ஒரு கையெழுத்தின் கதை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலையை விடாம பிஎச்.டி. பண்ண முடியுமாண்ணே?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பகுதி நேர ஆராய்ச்சிக்கு இடம் தருகின்றன. முதுநிலைப் பட்டத்தில் பொதுவாக 55 சதவீதம் வேண்டும். நான்காண்டு இளநிலையோடு வருபவருக்கு 75. கோர்ஸ் ஒர்க் 12 முதல் 16 கிரெடிட் வரை. குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2.

இதையெல்லாம் கவனமாகப் படித்துவிடுகிறோம். நிறுவனம் தரும் என்.ஓ.சி.யைத்தான் வெறும் காகிதமாக நினைக்கிறோம். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்பு.

நான் ஒரே நிமிஷத்தில் கையெழுத்து வாங்கினேன். மேலதிகாரியும் படிக்கலை, நானும் படிக்கலை. பரீட்சை வாரத்தில் ஆலையில் பராமரிப்பு வேலை வந்தது. லீவு இல்லை, ஒரு செமஸ்டரே போச்சு. பிறகு கடிதத்தோடு போய் நின்றேன். இருவரும் உட்கார்ந்து படித்தோம். "இதிலயா கையெழுத்துப் போட்டேன்?" என்று சிரித்தவர், சனிக்கிழமைகளை எனக்கு ஒதுக்கினார்.

ஆகவே, விண்ணப்பம் போடும் முன்பே பேசிவிடுங்கள். கையெழுத்தோடு நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமைகள் அங்கிருந்துதான் வர வேண்டும்!