மீட்டர் கூலிக்கும் ஓவர்டைம் உண்டா?

 

இன்றைய பேச்சு ஓவர்டைம் பற்றியது. எட்டு மணி நேரம் முடிந்த பிறகும் வேலை தொடர்ந்தால் அந்த நேரத்துக்கு என்ன கூலி? மாதச் சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு, நாள் கூலிக்காரருக்கு ஒரு கணக்கு, செய்த வேலைக்கு எண்ணிக் கூலி வாங்குபவருக்கு ஒரு கணக்கு. இதில் ஏமாறுகிறவர் பெரும்பாலும் மூன்றாவது ஆள்தான்.

குஜராத் மாநிலத்தில் சூரத் என்ற நகரம் இருக்கிறது. துணிக்கும் வைரப் பட்டறைக்கும் பேர் போன ஊர். அங்கே விசைத்தறி ஓட்ட ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து ஏராளமானோர் போகிறார்கள். அப்படிப் போன மூன்று பேர் ஒரே அறையில் தங்கி, ஒரே ஆலையில் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம்.

மூத்தவர் எலக்ட்ரீஷியன். மாதச் சம்பளம் 15,600 ரூபாய். அடுத்தவர் துணிக்கட்டு சுமப்பவர். நாள் கூலி 480 ரூபாய். இளையவர் தறி ஓட்டுபவர். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. மூவருமே காலை 8 மணிக்குப் போய் இரவு 8 மணி தாண்டித்தான் திரும்புகிறார்கள். சாப்பாட்டு நேரம் போக 12 மணி நேர வேலை.

ஒரு நாள் சம்பளம் வாங்கி வந்தார்கள். மூத்தவர் தம் கணக்கைப் போட்டார்.

"மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 600. அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 75. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு. அப்படியானால் மணிக்கு 150 ரூபாய் வரவேண்டும்."

சுமப்பவரும் போட்டுப் பார்த்தார். 480-ஐ எட்டால் வகுத்தால் 60. இரட்டிப்பு 120. நான்கு மணி நேரத்துக்கு 480. அதாவது, நான்கு மணி ஓவர்டைம் பார்த்தால் இன்னொரு முழு நாள் கூலி!

தறிக்காரர் சிரித்தார். "எனக்கு ஏது ஓவர்டைம் அண்ணே? கூட நேரம் ஓட்டினால் கூட மீட்டர் வருது. கூட மீட்டருக்குக் காசும் வருது. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானா? இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 59-ஆம் பிரிவில், இந்த மூன்றாவது ஆளையும் மறக்கவில்லை. எண்ணிக் கூலி வாங்குபவர் முந்தைய மாதத்தில் அதே வேலையை எத்தனை நாள் செய்தார், வழக்கமான முழுநேர வேலைக்கு எவ்வளவு கூலி வந்தது என்று பார். ஒரு நாள் சராசரியை எடு. அதுவே அவருடைய நாள் கூலி என்று வைத்துக்கொள். ஓவர்டைமுக்கு அதில் இரட்டிப்புக் கொடு. இப்படிச் சொன்னது அந்தச் சட்டம்.

தறிக்காரருக்குப் போன மாதம் 25 நாளில், எட்டு மணி நேர வேலைக்கு வந்தது 14,000 ரூபாய். சராசரி 560. மணிக்கு 70. இரட்டிப்பு 140. கூடுதல் மீட்டருக்கு வாங்கிய காசு மணிக்கு ஏறக்குறைய 70 இருக்கும். மீதி 70 எங்கே? நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் 280 ரூபாய் கைக்கு வரவில்லை. கூட மீட்டருக்குக் கூலி வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வந்தது பாதிதான்.

இரட்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எட்டு மணி நேரம் நின்ற காலுக்கு ஒன்பதாவது மணி முதல் மணியைப் போல இருக்காது. அந்த உழைப்புக்கு விலை அதிகம். ஆள் குறைவாக வைத்து நேரத்தை நீட்டுவது முதலாளிக்கும் மலிவாகிவிடக் கூடாது.

இந்த இரட்டிப்பை நிறுத்திப் பார்த்ததும் குஜராத்தில்தான். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று, கொரோனாக் காலத்தில், மாநில அரசு ஓர் அறிவிக்கை போட்டது. 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு ஒற்றைக் கூலி போதும் என்றது. எட்டு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் 12 மணி நேரத்துக்கு 120 என்று உதாரணமும் அதிலேயே இருந்தது. சட்டப்படி 160 வரவேண்டும். 40 ரூபாய் போயிற்று! தொழிற்சங்கத்தார் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படி ஓவர்டைம் கூலி கொடுக்கவும் உத்தரவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அவற்றிலும் இரட்டிப்பு இருக்கிறது. நாள் கணக்கா, வார கணக்கா, எது தொழிலாளிக்கு லாபமோ அப்படிக் கணக்கிடவேண்டும். அவர் சம்மதிக்காமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. எண்ணிக் கூலிக்காரரை விலக்கி வைக்கவில்லை. அவர் வேலைக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி மட்டும் அரசு நிர்ணயித்திருந்தால், அதற்குக் குறையாமல் கொடுத்தாகவேண்டும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். இதற்காகவே சிலரை 'சூப்பர்வைசர்' என்று பேருக்குக் கூப்பிடுவார்கள். பேர் முக்கியமில்லை. அவர் நிஜமாகச் செய்யும் வேலை என்ன என்பதுதான் கேள்வி.

தறிக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"மேஸ்திரி நோட்டில் மீட்டர் மட்டும்தானே எழுதுகிறார்? எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று எங்குமே இல்லையே?"

சரியான கேள்வி. மாதச் சம்பளக்காரருக்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. மீட்டர்காரருக்கு மீட்டர்தான் பதிவு. நேரம் தெரியாவிட்டால் ஓவர்டைம் கணக்கு எப்படிப் போடுவது? கூலி குறைந்தது என்று மூன்று வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். தாமே கொடுக்கலாம், சங்கம் மூலமும் கொடுக்கலாம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கவேண்டியது முதலாளியின் பொறுப்பு. ஆனால் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முதலில் தொழிலாளி சொல்லவேண்டுமே!

மறுநாள் தறிக்காரர் ஒரு சின்ன நோட்டு வாங்கினார். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், மீட்டர் என்று நான்கு கோடு போட்டார். முதல் பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் தறி நின்றது. அதை எங்கே எழுதுவது என்று யோசித்தார். ஓரத்தில் ஐந்தாவது கோடு போட்டு, 'கரண்ட் இல்லை, 1 மணி, தறியிடமே இருந்தேன்' என்று எழுதினார்.